'இன்னும்' ஆங்கிலத்தில் பழுதாகும் இடங்கள்: ஸ்டில், யெட் பிழை நீக்கும் வழிமுறை

வன்னியில் பிரதேச செயலகத்துக்கோ கிராம அலுவலருக்கோ எழுதும் கடிதம் தமிழிலேயே போய்ச் சேர்ந்துவிடும். கொழும்பிலுள்ள தலைமை அலுவலகம், தூதரகம், உதவி வழங்கும் நிறுவனம், கடன் கொடுத்த கம்பனியின் மேலிடம் என்று வரும்போதுதான் ஆங்கிலம் தேவைப்படுகிறது. கிளிநொச்சியில் அப்படிப்பட்ட கடிதங்களையும் கள உத்தியோகத்தர்களின் அறிக்கைகளையும் சாதாரண தர மாணவர்களின் கட்டுரைகளையும் திருத்தும் வேலையில், மற்ற எல்லாப் பிழைகளையும் விட அதிகமாக என் மேசைக்குத் திரும்பத் திரும்ப வருவது ஸ்டில், யெட் என்ற இரு சொற்களும் இடம் மாறி நிற்கும் பிழையே ஆகும். இரண்டுக்கும் நாம் 'இன்னும்' என்றே சொல்லிப் பழகியிருப்பதால், ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் மற்றது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

உங்கள் வாக்கியத்தில் தென்படும் அறிகுறியைக் கீழே தேடி எடுத்து, அதன் கீழுள்ள காரணங்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். செலவில்லாத திருத்தம் முதலிலும், வாக்கியத்தையே மாற்ற வேண்டிய நிலை கடைசியிலும் வரும். இலக்கணப் பெயர்களை இயன்றவரை தவிர்த்திருக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்யும் சோதனை

எழுத நினைத்ததைத் தமிழில் ஒரு வரியாக எழுதி, அதிலுள்ள 'இன்னும்' என்பதை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் 'இப்போதும்', 'இதுவரை', 'இவ்வளவு காலமாகியும்', 'மேலும்' ஆகிய நான்கில் எது கருத்தைக் குலைக்காமல் பொருந்துகிறது என்று பாருங்கள்.

'இப்போதும்' பொருந்தினால் ஸ்டில். 'இதுவரை' பொருந்தி, வாக்கியம் 'இல்லை' என்று முடிந்தால் யெட். 'இவ்வளவு காலமாகியும்' பொருந்தி 'இல்லை' என்று முடிந்தால் மறுபடியும் ஸ்டில். ஆனால் அது நிற்கும் இடம் வேறு என்பதை அறிகுறி நான்கில் பார்க்கலாம். 'மேலும்' பொருந்தினால் இரண்டும் வேண்டாம், மோர் போதும். பெரும்பாலான வாக்கியங்கள் இந்தச் சோதனையிலேயே சரியாகிவிடும், சரியாகாதவற்றுக்குத்தான் மிகுதி.

அறிகுறி 1: 'இல்லை' என்ற கருத்தே இல்லாத வாக்கியத்தில் யெட் நிற்கிறது

'ஐ அம் யெட் வெயிட்டிங் ஃபோர் த பேர்மிட்' என்பது இதற்கு நல்ல மாதிரி. உத்தரவுப்பத்திரத்துக்காக இப்போதும் காத்திருக்கிறேன் என்று சொல்ல வந்தவர் இப்படி எழுதிவிடுகிறார். வாசிப்பவருக்குக் கருத்து ஒருவாறு பிடிபடும் என்றாலும், எழுதியவருக்கு ஆங்கிலம் கைவரவில்லை என்ற எண்ணம் முதல் வரியிலேயே விழுந்துவிடுகிறது.

*காரணம் அ: சொல் மட்டும் மாறியிருக்கிறது.* யெட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஸ்டில்லை வையுங்கள். 'ஐ அம் ஸ்டில் வெயிட்டிங்.' வேறு எதையும் தொட வேண்டியதில்லை.

*காரணம் ஆ: பிழையே இல்லை.* திருத்துபவர்கள் அவசரப்பட்டுக் கெடுக்கும் இடம் இதுதான். 'இல்லை' வெளிப்படையாக வராமலே யெட் சரியாக நிற்கும் சில அமைப்புகள் உண்டு. 'த செகண்ட் பேமென்ட் இஸ் யெட் டு பி ரிலீஸ்ட்' என்றால் இரண்டாம் கட்டப் பணம் இனிமேல்தான் விடுவிக்கப்பட வேண்டும் என்று பொருள். அது அலுவலகக் கடிதங்களுக்கு ஏற்ற நல்ல நடை. 'இட் மே யெட் ரெயின்' என்றால் மழை பெய்ய இனியும் வாய்ப்பு உண்டு என்பது. 'அவர் பெஸ்ட் ஹார்வெஸ்ட் யெட்' என்றால் இதுவரை கண்டவற்றில் சிறந்த விளைச்சல். இவற்றில் யெட்டுக்குப் பதிலாக 'இதுவரை', 'இனியும்' அல்லது 'இனிமேல்தான்' என்பதைத் தமிழில் வைத்துப் பாருங்கள். பொருந்தினால் விட்டுவிடுங்கள்.

*காரணம் இ: பழைய நூல்களில் பார்த்துப் பழகியது.* பழைய ஆங்கிலத்தில் 'இப்போதும்' என்ற கருத்திலேயே யெட் தாராளமாக வரும். முதியவர்கள் சிலர் அந்த நடையில் எழுதுவதைக் கண்டிருக்கிறேன்; அவர்களோடு வாதாடுவதில்லை. ஆனால் இன்றைய அலுவலகக் கடிதத்தில் அது பொருந்தாது.

அறிகுறி 2: கேட்டது ஒன்று, வந்த பதில் அதற்கு நேர்மாறு

அறிகுறிகளில் ஆபத்தானது இதுதான், ஏனெனில் இங்கே வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும். கருத்து மட்டும் தலைகீழாகியிருக்கும்.

காலபோக மழையில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிறைந்து வரும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். குளத்துக்குக் கீழே முரசுமோட்டையில் நிற்கும் கள உத்தியோகத்தர் ஒருவர், வான்கதவுகளைப் பற்றிக் கொழும்பிலுள்ள தன் மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்புகிறார். 'ஆர் த கேட்ஸ் ஓப்பன் யெட்?' என்று கேட்டால், கதவுகள் மூடியிருந்தன, திறக்கப்படும் என்று எதிர்பார்க்கிறோம், திறந்துவிட்டார்களா என்று பொருள். 'ஆர் த கேட்ஸ் ஸ்டில் ஓப்பன்?' என்று கேட்டால், கதவுகள் ஏற்கெனவே திறந்திருந்தன, இப்போதும் திறந்தபடியா, மூடிவிட்டார்களா என்று பொருள். முதல் கேள்விக்கு 'நோ' என்ற பதில் வந்தால் வெள்ளம் இனித்தான் வர வேண்டும். இரண்டாவது கேள்விக்கு அதே 'நோ' வந்தால் வந்த வெள்ளம் வடியத் தொடங்கிவிடும். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கண்டாவளைப் பக்கம் தண்ணீர் வந்த வேகத்தைக் கண்டவர்களுக்கு, இந்த இரண்டு 'நோ'க்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை விளக்கத் தேவையில்லை.

*காரணம் அ: தமிழ்க் கேள்வியில் 'இன்னும்' இல்லாததால் யெட் விடுபட்டது.* 'கதவு திறந்திட்டினமோ?' என்று நாம் கேட்கும்போது அதில் 'இன்னும்' வருவதில்லை. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் யெட் வரவேண்டும். 'இன்னும்' என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருப்பவர் இதைத் தவறவிட்டுவிடுவார்.

*காரணம் ஆ: தமிழ்க் கேள்வியில் 'இன்னும்' இருந்ததால் யெட் நுழைந்தது.* 'கதவு இன்னும் திறந்துதான் கிடக்குதோ?' என்பதிலுள்ள 'இன்னும்' எப்போதும் ஸ்டில்தான். 'இல்லை' வராத கேள்வியில் 'இன்னும்' இருந்தால் ஸ்டில் போடுங்கள். 'இன்னும்' இல்லாமல், எதிர்பார்த்த காரியம் நடந்துவிட்டதா என்று கேட்டால் யெட் போடுங்கள்.

*காரணம் இ: யெட் நிற்க வேண்டிய இடத்தில் ஓல்ரெடி.* 'ஹாவ் தே ஓப்பன்ட் த கேட்ஸ் ஓல்ரெடி?' என்றால் 'அதுக்குள்ளை திறந்திட்டினமோ!' என்ற வியப்பு. எதிர்பார்த்ததை விட முந்திவிட்டது என்ற தொனி வேண்டுமானால் மட்டும் ஓல்ரெடியை வையுங்கள். தமிழில் 'அதற்குள்' சேர்த்துப் பார்த்தால் உடனே தெரியும்.

உயிர், உடைமை சம்பந்தப்பட்ட செய்தியென்றால் இந்த நுணுக்கத்தை நம்பியிருக்காமல், 'கதவுகள் இத்தனை மணிக்குத் திறக்கப்பட்டனவா, இப்போது எத்தனை திறந்துள்ளன' என்று நேரத்தையும் எண்ணிக்கையையும் கேட்டுவிடுவதே நல்லது.

அறிகுறி 3: எழுதாத வாக்குறுதியை வாசிப்பவர் பிடித்துக்கொள்கிறார்

யெட் என்ற சொல்லுக்குள், காரியம் நடக்கத்தான் போகிறது என்ற எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது. 1990இல் நின்றுபோன வடக்கு ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டும் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட அந்த ஓராண்டில், வடக்கே தண்டவாளம் போடப்பட்டுக்கொண்டிருந்தபோது, 'த ட்ரெயின் டஸ் நொட் கோ டு ஜஃப்னா யெட்' என்று எழுதியிருந்தால் அது உள்ள நிலையை அப்படியே சொன்ன வாக்கியம். இதே அமைப்பில் முல்லைத்தீவு நகரைப் பற்றி இன்று எழுதினால், அங்கே யாரோ தண்டவாளம் போட்டுக்கொண்டிருப்பதாக வெளியூர்க்காரர் எண்ணிக்கொள்வார்.

இது சிறிய விடயம் போலத் தோன்றலாம். நுண்கடன் கம்பனிக்கோ காணி கேட்டு வருபவருக்கோ எழுதும்போது நிலைமை வேறு. 'வி ஹாவ் நொட் டிசைடட் டு செல் த லேண்ட் யெட்' என்று ஒரு குடும்பம் எழுதினால், விற்கத்தான் போகிறார்கள், விலை படியவில்லை என்று வாங்க வந்தவர் எடுத்துக்கொள்வார். அடுத்த வாரம் தரகரும் வந்து நிற்பார். சொல்ல வந்தது 'விற்கும் எண்ணம் இல்லை' என்றால், யெட்டை எடுத்தால் மட்டும் போதாது, வாக்கியத்தையே மாற்ற வேண்டும்: 'வி டூ நொட் இன்டென்ட் டு செல் த லேண்ட்.' இரண்டாவது கடன் வேண்டாம் என்று எழுதுபவரும் இதே சோதனையைச் செய்துகொள்ளட்டும்.

சோதனை எளிது. 'இதுவரை இல்லை' என்பதற்குப் பின்னால் 'ஆனால் நடக்கும்' என்று சேர்த்து வாசியுங்கள். சேர்ந்தால் யெட் இருக்கலாம். சேர்க்க மனம் வராவிட்டால் அதை வெட்டிவிடுங்கள்.

அறிகுறி 4: பணிவாக எழுதிய கடிதம் கோபக் கடிதமாகப் போய்ச் சேருகிறது

அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாகப் பணம் விடுவிக்கப்படும் வீட்டுத்திட்டங்களில், அடுத்த கட்டப் பணம் வரவில்லை என்று எழுதும் கடிதத்திலேயே இது அதிகம் நேர்கிறது. ஒரே செய்தியை நான்கு விதமாக எழுதலாம்.

'வி ஹாவ் நொட் ரிசீவ்ட் த செகண்ட் பேமென்ட்.' வெறும் செய்தி. தொனி எதுவும் இல்லை.

'வி ஹாவ் நொட் ரிசீவ்ட் த செகண்ட் பேமென்ட் யெட்.' இதுவரை வரவில்லை, வரும் என்று இருக்கிறோம். பேச்சுக்கும் சாதாரண மின்னஞ்சலுக்கும் இது பொருந்தும்.

'வி ஹாவ் நொட் யெட் ரிசீவ்ட் த செகண்ட் பேமென்ட்.' கருத்து அதுவே. யெட் நடுவில் வந்ததால் நடை சற்று உயர்ந்துவிட்டது. அலுவலகக் கடிதத்துக்கு நான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

'வி ஸ்டில் ஹாவ் நொட் ரிசீவ்ட் த செகண்ட் பேமென்ட்.' இவ்வளவு காலமாகியும் வரவில்லை. இதில் குறை கூறும் தொனி தெளிவாகக் கேட்கும்.

*காரணம் அ: இரண்டையும் ஒன்றாகப் போட்டது.* 'வி ஸ்டில் ஹாவ் நொட் ரிசீவ்ட் இட் யெட்' என்று எழுதுபவர்கள் பலர். பேச்சில் ஆங்கிலேயரும் அப்படிச் சொல்வதுண்டு என்றாலும், கடிதத்தில் ஒன்று போதும். எதை வெட்டுவது என்பது அடுத்த சோதனையில் தெரியும்.

*காரணம் ஆ: தவணை கடக்கும் முன்பே ஸ்டில் வந்தது.* முன்னைய கடிதத்தையோ ஒப்பந்தத்தையோ எடுத்து, பணம் தருவதாகச் சொன்ன திகதியைப் பாருங்கள். திகதி கடக்கவில்லையானால் யெட். ஸ்டில் போட்டால், கொடுத்த தவணைக்கு முன்பே சண்டைக்கு நிற்பவர் என்று பெயர் வந்துவிடும்.

*காரணம் இ: கோபம் உண்மையிலேயே இருக்கிறது.* தவணை கடந்து மாதங்களாகி, கூரையில்லாத சுவரை மழை கரைத்துக்கொண்டிருக்கும்போது ஸ்டில் என்ற சொல் மிகச் சரியான சொல். அதை யெட் ஆக்கிப் பணிவு காட்டச் சொல்பவர்கள் உண்டு. அந்த ஆலோசனையை நான் ஏற்பதில்லை. நியாயமான குறையைச் சொல்ல ஆங்கிலம் ஒரு சொல்லை ஒதுக்கித் தந்திருக்கும்போது, அதைப் பயன்படுத்துவதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை. ஆனால் 'யூ' என்று தொடங்கி அதிகாரியை நேரே சுட்டாமல், 'த பேமென்ட்' அல்லது 'வி' என்று தொடங்கினால் குற்றச்சாட்டு ஆளின் மீது விழாமல் காரியத்தின் மீது விழும்.

அறிகுறி 5: ஸ்டில், நொட் இரண்டும் இடம் மாறி ஒரு குடும்பம் காணாமற்போகிறது

'த ஃபமிலி ஸ்டில் டஸ் நொட் லிவ் இன் ஒட்டுசுட்டான்' என்றால், அந்தக் குடும்பம் ஒட்டுசுட்டானில் குடியேறும் என்று பார்த்திருந்தோம், இவ்வளவு காலமாகியும் வந்து குடியேறவில்லை என்று பொருள். 'த ஃபமிலி டஸ் நொட் ஸ்டில் லிவ் இன் ஒட்டுசுட்டான்' என்றால், முன்பு அங்கே இருந்தார்கள், இப்போது இல்லை என்று பொருள். முதலாவது மீள்குடியேற்றத் தாமதம். இரண்டாவது இடத்தை விட்டுப் போய்விட்ட குடும்பம். பயனாளிகள் பட்டியலைச் சரிபார்க்கும் ஒருவர் இரண்டாவதைப் படித்தால் பெயரின் மேல் கோடு போட்டுவிடக்கூடும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட உத்தரவுப்பத்திரம் வைத்திருப்பவர்கள் விடயத்தில் இது இன்னும் பாரதூரமானது, ஏனெனில் அந்தப் பத்திரங்கள் நிபந்தனைகளோடு வருபவை. நிபந்தனை மீறப்பட்டதாகக் கருதப்பட்டால் பத்திரமே கேள்விக்குள்ளாகும்.

*சோதனை:* 'இவ்வளவு காலமாகியும் இல்லை' என்றால் ஸ்டில் முன்னே, நொட் பின்னே. 'முன்பு உண்டு, இப்போது இல்லை' என்றால் ஸ்டில்லையே கைவிட்டு 'நோ லோங்கர்' என்று எழுதுங்கள்: 'த ஃபமிலி நோ லோங்கர் லிவ்ஸ் இன் ஒட்டுசுட்டான்.' நொட்டுக்குப் பின்னால் ஸ்டில் வரும் அமைப்பு பிழையல்ல; ஆனால் அறிக்கையில் அதற்கு வேலையும் இல்லை. அறிக்கை எழுதி முடித்ததும் நொட், ஸ்டில் இரண்டும் அடுத்தடுத்து வரும் இடங்களைக் கணினியில் தேடி, ஒவ்வொன்றையும் இந்தச் சோதனையில் போட்டு எடுங்கள்.

அறிகுறி 6: 'ஸ்டில் நொட்' என்ற ஒற்றைப் பதில்

'சாப்பிட்டாச்சா?' என்ற கேள்விக்கு 'இன்னும் இல்லை' என்பதை அப்படியே பெயர்த்து 'ஸ்டில் நொட்' என்கிறார்கள். தனித்து நிற்கும் பதிலுக்கு 'நொட் யெட்' என்பதே வழக்கு. மாணவர்களுக்கு இதை ஒரே சொல்லாக மனனம் செய்யச் சொல்லிவிடுகிறேன். காரணம் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அறிகுறி 7: 'மேலும்' என்ற இடத்தில் ஸ்டில்

'கிவ் மி ஸ்டில் டூ டேஸ்' என்பது 'டூ மோர் டேஸ்' ஆக வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு: ஒப்பிட்டுச் சொல்லும் சொல்லோடு சேர்ந்தால் ஸ்டில் சரி. 'த வோட்டர் ரோஸ் ஸ்டில் ஹையர்' என்றால் தண்ணீர் அதற்கும் மேலே ஏறியது.

அறிகுறி 8: வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும் ஸ்டில்லும் யெட்டும்

இங்கே இரண்டும் காலத்தைச் சொல்வதில்லை. 'ஆனாலும்' என்ற பொருளைத் தருகின்றன. 'த டேங்க் வோஸ் ஃபுல். யெட் த லோவர் ஃபீல்ட்ஸ் கொட் நோ வோட்டர்.' குளம் நிறைந்தது, ஆனாலும் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் வரவில்லை. நேர்முரணை இறுக்கிச் சொல்ல யெட் நல்லது. ஒன்றை ஒப்புக்கொண்டு, 'அது போகட்டும், இருந்தாலும்' என்று தணிந்து சொல்ல ஸ்டில் நல்லது. அப்போது ஸ்டில்லுக்குப் பின் காற்புள்ளி இட மறவாதீர்கள். காற்புள்ளி இல்லாவிட்டால் அது 'இப்போதும்' என்று படிக்கப்படலாம்.

அறிகுறி 9: பரீட்சைத்தாளில் மட்டும் சிவப்புக் கோடு

'ஐ டிட் நொட் ஃபினிஷ் யெட்' என்று எழுதிய மாணவர், இணையத்தில் அமெரிக்கர்கள் அப்படித்தானே பேசுகிறார்கள் என்று கேட்பார். அது உண்மைதான். நமது பாடத்திட்டம் பிரித்தானிய வழக்கையே தழுவியிருப்பதால், பரீட்சையில் 'ஐ ஹாவ் நொட் ஃபினிஷ்ட் யெட்' என்று எழுதுவதே பாதுகாப்பானது. யெட்டைக் கண்டால் பக்கத்தில் ஹாவ் அல்லது ஹாஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் போதும்.

எந்த இடத்தில் கைவைக்காமல் நிறுத்த வேண்டும்

சத்தியக்கடதாசி, நீதிமன்றத்துக்குப் போகும் ஆவணம், காணி உரிமை பற்றிய ஒப்பந்தம் ஆகியவற்றில் மேற்சொன்ன திருத்தங்களை நீங்களாகச் செய்யாதீர்கள். சட்டத்தரணியிடமோ நொத்தாரிசிடமோ சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமோ கொண்டு போங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றிய கடிதங்களையும் இதே வரிசையில் வைக்கிறேன். கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 முதல் போராடத் தொடங்கிய குடும்பங்களைப் போன்றவர்கள் வெளிநாட்டு அமைப்புகளுக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. 'ஹி இஸ் ஸ்டில் மிஸ்ஸிங்' என்றால் அந்த நிலை இன்றும் தொடர்கிறது என்பது மட்டுமே. அதற்கு மேல் எதையும் அது சொல்லவில்லை. 'ஹி ஹாஸ் நொட் ரிட்டேர்ன்ட் யெட்' என்றால், அவர் தானாக எங்கோ போயிருக்கிறார், திரும்பி வருவார் என்ற நிழல் அதில் விழுகிறது. யாரிடம் ஒப்படைத்தோம், அவருக்கு என்ன நடந்தது என்று பொறுப்புக் கேட்கும் கடிதத்தில் அந்த நிழல் கேள்வியையே பலவீனப்படுத்திவிடும். ஆனால் மகன் வருவான் என்று ஒரு தாய் எழுதச் சொல்லும்போது, அந்த யெட்டை அவரிடம் கேட்காமல் வெட்டும் உரிமை திருத்துபவருக்குக் கிடையாது. இரண்டு வாக்கியங்களின் வேறுபாட்டையும் தமிழில் சொல்லிக்காட்டி, அவர் தேர்ந்த பின்பு, மனித உரிமைக் கடிதங்களில் அனுபவமுள்ள ஒருவரிடம் அனுப்புவதே முறை.

மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது ஆங்கில வரைவை மட்டும் கொடுக்காமல் தமிழ் மூலத்தையும் கொடுங்கள். வரைவில் பிழை இருந்தால், மூலம் இல்லாமல் அவர் ஊகித்தே திருத்த வேண்டியிருக்கும். முத்திரை குத்தி ஒப்பமிட்ட பின் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது என்பதால், அதற்கு முன் அவரை ஆங்கில வாக்கியங்களைத் தமிழில் திரும்பச் சொல்லக் கேட்டு, 'இன்னும்' வரும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள்.